கடலடி உயிரும் கண்காட்சி வாயிலும்

இயற்கை விஞ்ஞானச் சித்திரம் வேறு, அலங்காரக் கலை வேறு எனப் பிரித்து நோக்குதல் எம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஜேர்மனிய விலங்கியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கலின் ஆக்கங்கள் இப்பிரிவினைக்கு இடந்தருவனவல்ல. (1881இல் இலங்கை வந்து, வெலிகமவிலே தங்கிக் கடலுயிர்களை ஆராய்ந்தவர் இவரே.)

பிரித்தானியக் கடற்படைக் கப்பலான சலஞ்சர் 1872–1876 காலத்தில் ஆழ்கடலை ஆய்ந்தது. கடலடித் தந்திக் கம்பிகளைப் பதித்துக்கொண்டிருந்த பேரரசுக்குக் கடற்றரை பற்றிய அறிவு வேண்டியிருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. அப்பயணத்திற் கிடைத்த ரேடியோலேரியா என்னும் ஒருகல உயிரிகளை ஹெக்கல் விவரித்து, 1887இல் 140 படத்தாள்களுடன் வெளியிட்டார். நுணுக்குக்காட்டியின்றிக் காணவியலாத அவற்றின் சிலிக்காக் கூடுகளை மூலமாகக் கொண்டே, 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியின் பெருவாயிலை ரெனே பினே வடிவமைத்தார். முதலாளித்துவம் தன் பண்டங்களைக் காட்சிக்கு வைத்த களத்தின் முகப்பிலே, கடலடி உயிரின் கூடு மின்னொளியில் நின்றது.

இவ்விடப்பெயர்ச்சி எவ்வாறு இயலுமாயிற்று? ஹெக்கல் தாம் கண்டவற்றைச் சமச்சீராகத் திருத்தியே வரைந்தார் என்பது அவர்மீதான கண்டனம். அக்கண்டனம் நியாயமானதே. ஆயினும் அத்திருத்தமே வடிவத்தை உயிரியினின்று பிரித்து, திரும்பத் திரும்ப வார்க்கத்தக்க அலங்கார அலகாக்கிற்று. 1899–1904இல் வெளிவந்த ‘இயற்கையின் கலைவடிவங்கள்’ தொகுதியின் நூறு படங்களில் இப்போக்கு முழுமை பெறுகின்றது. ஹெக்கலின் வரைவுகளைக் கல்லச்சுக்கு ஆக்கிய யேனா நகரத்து அடோல்ஃப் கில்ட்ஷின் கைத்திறனின்றி அப்படங்கள் இல்லை. அவர் பெயரோ தாளின் அடியிற் பொடியெழுத்தாய் நின்றுவிட்டது.

கண்காட்சி முடிந்ததும் பினேயின் வாயில் அகற்றப்பட்டது.