உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்

துணிக்கடை டிரையல் ரூம் கண்ணாடியில் தெரிவது நிற்கிற பெண். இடுப்பு சரியாக இருக்கிறதா, பின்புறம் எடுப்பாக விழுகிறதா, கால் நீளம் போதுமா என்று நின்றபடியே பார்த்து முடிவு செய்துவிடுகிறோம். அதே பேன்ட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறிக் குனிந்தால், பின்பக்கம் கீழே இறங்குகிறது, முன்பட்டி வயிற்றை அழுத்துகிறது, முழங்காலை மடக்கும்போதெல்லாம் துணி தொடையைப் பிடித்து இழுக்கிறது. லண்டன் போன்ற ஊர்களில் அக்டோபர் பிறந்ததும் குளிர் தொடங்கிவிடும். வெப்பநிலை 5 டிகிரிக்கும் 15 டிகிரிக்கும் இடையில் ஊசலாடும் அந்த மாதங்களில் சைக்கிளில் வேலைக்குப் போகும் பெண்கள் கடையில் முதலில் கேட்பது, எந்தத் துணி தடிமன் என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ள வேண்டும் என்பது என் கட்சி. முதலில் பார்க்க வேண்டியது வெட்டு, அதற்கடுத்தது துணியின் தன்மை. வெட்டு சரியாக அமைந்த பேன்ட் பார்வைக்கும் நன்றாகவே இருக்கும். இழுபடாத, சுருண்டு ஏறாத துணிதானே உடம்பில் அழகாக விழுகிறது.

கால்சட்டையின் ஆதி வரலாறே இதைத்தான் சொல்கிறது. சீனாவின் துர்ஃபான் பகுதியில், யாங்ஹாய் என்ற பழைய இடுகாட்டில் ஏறக்குறைய 3000 ஆண்டு பழமையான கம்பளிக் கால்சட்டை ஒன்று கிடைத்தது. இதுவரை கண்டெடுக்கப்பட்டவற்றில் மிகப் பழைய கால்சட்டைகளில் ஒன்று அது. அதற்குரியவர் குதிரையில் போனவர் என்பதும், கால்சட்டை என்ற உடையே குதிரைமேல் கால் பரப்பி உட்காருவதற்காகப் பிறந்திருக்கலாம் என்பதும் ஆய்வாளர்கள் கருத்து. இரண்டு கால்களுக்கும் நடுவே படிப்படியாக அகலும் தனித்துண்டு ஒன்றை அதில் வைத்திருக்கிறார்கள். பெரும்பகுதி நெகிழ்ந்து கொடுக்கும் சாய்வு நெசவு, முழங்காலில் மட்டும் கெட்டியான வேறு நெசவு, இடுப்புப் பட்டியில் மூன்றாவது வகை. எங்கே இளக வேண்டும், எங்கே தாங்க வேண்டும் என்பது அந்த நெசவாளருக்குத் தெரிந்திருக்கிறது. இன்று கடையில் தொங்கும் பெண்கள் ஜீன்ஸ் ஒன்றை உட்புறம் திருப்பிப் பாருங்கள். முன்னிருந்தும் பின்னிருந்தும் உட்கால் இரண்டிலிருந்தும் வரும் தையல்கள் எல்லாம் கவட்டில் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. டெனிம் துணி அங்கே பல மடிப்பாகச் சேர்ந்து பயறு அளவுக்குக் கெட்டியான முடிச்சாகிவிடுகிறது. சைக்கிள் சீட்டில் உடல் எடை இறங்குகிற இடத்துக்கு மிக அருகில் இருக்கிறது அந்த முடிச்சு. நிமிடத்துக்கு 70 சுற்று என்ற நிதானமான வேகத்தில் அரை மணி நேரம் மிதித்தால் பெடல் 2100 முறை சுழலும், அத்தனை முறையும் தையல் தோலில் உரசும். இதற்கான மருந்து நம் தையற்காரர்களுக்குப் பழக்கமானதுதான். சல்வாரின் கவட்டில் மியானி என்று ஒரு துண்டு வைத்துத் தைப்பார்களே, அதேதான். அந்தத் துண்டு வந்துவிட்டால் தையல்கள் ஒரே புள்ளியில் கூடாமல் விலகிப் போகும், கால் தாராளமாக அசையும்.

குளிர் விஷயத்தில் நம் கணக்கு இரண்டு பக்கமும் தப்புகிறது. 5 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது 1 டிகிரி போலத் தெரியும் என்கிறது கனடாவின் காற்றுக்குளிர் அட்டவணை. ஆனால் அந்தக் காற்று கால் முழுவதையும் ஒரேபோலத் தாக்குவதில்லை. தொடையின் மேற்புறமும் முழங்காலும் எதிர்காற்றை நேராக வாங்குகின்றன, பின்தொடைக்கு அவ்வளவு இல்லை. இன்னொரு பக்கம், மிதிக்கும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழக் கால்பங்குதான் பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் உடம்புக்குள் வெப்பமாகிறது. அதனால்தான் தடிமனான பேன்ட் போட்டவர் பத்தே நிமிடத்தில் வியர்க்கிறார், சிக்னலில் நிற்கும்போது அந்த வியர்வையே குளிர்ந்து நடுங்க வைக்கிறது. முன்பக்கம் காற்றை மறிக்கும் துணி, பின்பக்கம் வியர்வையை வெளியே விடும் மெல்லிய துணி என்று பிரித்துத் தைத்த பேன்ட்டுகள் இந்த இரண்டையும் சமாளிக்கின்றன. அது கிடைக்காவிட்டால், கம்பளி நூலோடு கொஞ்சம் எலாஸ்டேன் கலந்த துணி நல்ல தேர்வு. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தை வாங்கிக்கொண்டாலும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. பருத்தியும் டெனிமும் நனைந்தால் கனத்துப்போகும், சீக்கிரம் காயாது. தூறல் நாட்டில் அவற்றை நம்பி இறங்க வேண்டாம்.

நெதர்லாந்துப் பெண்கள் சாதாரண ஜீன்ஸிலும் பாவாடையிலும் குளிர்காலம் முழுக்க சைக்கிள் ஓட்டுகிறார்களே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அங்கே உடை செய்ய வேண்டிய வேலையில் பாதியைச் சைக்கிள் செய்துவிடுகிறது. முதுகு நிமிர்ந்து உட்காரும் அமைப்பு, அகலமான சீட், செயினை முழுசாக மூடும் உறை, பின்சக்கரத்தில் துணி சிக்காமல் தடுப்பு, போதாததற்குக் குறைந்த தூரம். நம்மூர் லேடீஸ் சைக்கிளின் செயின் கவரும் அதே யோசனைதான். உங்கள் சைக்கிளும் பயணமும் அப்படி என்றால் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். குனிந்து ஓட்டும் சைக்கிள், தினமும் ஏழெட்டு கிலோமீட்டர் என்றால்தான் வெட்டு முக்கியமாகிறது. பேட் வைத்த பேன்ட் தேவையா என்பதற்கும் தூரமே அளவுகோல். நகரப் பயணத்துக்குத் தேவைப்படாது. நீண்ட தூரம் போகிறவர்கள், பேட் வைத்த உள்ஷார்ட்ஸை ஜட்டி இல்லாமல் அணிந்து அதன்மேல் வழக்கமான பேன்ட்டைப் போடலாம்.

பயிற்சிக்காரர்கள் அணியும் இறுக்கமான லைக்ராவே போதாதா, அழகு எதற்கு என்பவர்களும் உண்டு. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. 1898இல் இங்கிலாந்தின் ஓக்கம் கிராமத்து விடுதி ஒன்றுக்குச் சைக்கிளில் வந்த ஹார்பர்ட்டன் சீமாட்டி, பாவாடைக்குப் பதில் கால்சட்டை அணிந்திருந்ததற்காகவே காபி அறையில் அனுமதிக்கப்படவில்லை. சைக்கிள் சங்கம் தொடுத்த வழக்கும் மறு ஆண்டு தோற்றது. சைக்கிள் ஓட்ட ஏற்ற உடை, போய்ச் சேரும் இடத்தில் ஏற்கப்படாவிட்டால் அந்தப் பெண் சைக்கிளையே விட்டுவிட வேண்டியதுதான். பள்ளியில் பாடம் எடுக்கவோ வங்கிக் கவுன்டரில் உட்காரவோ போகிறவருக்கு உடை மாற்ற இடமும் நேரமும் இருப்பதில்லை. ஆகவே ஸ்டைல் இங்கே ஆடம்பரம் இல்லை, பயன்பாட்டின் ஒரு பகுதி. கறுப்பு, கருநீலம், சாம்பல் நிறங்களில் கணுக்காலை நோக்கிக் குறுகி இறங்கும் வெட்டு அலுவலகத்துக்குப் பொருந்தும், வலதுபக்கச் செயினிலும் மாட்டாது. ஓரத்தை ஒரு மடிப்பு மேலே மடித்தால் உள்ளே ஒளி பிரதிபலிக்கும் பட்டை தெரிகிற வகையும் உண்டு. கணுக்காலிலும் முழங்காலிலும் உள்ள ஒளிப்பட்டைகள் மேலும் கீழும் அசைவதால், இருட்டில் வருவது சைக்கிள் ஓட்டுநர் என்று கார்க்காரர்கள் எளிதில் கண்டுகொள்கிறார்கள் என்பதை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியுள்ளன. பாக்கெட்டையும் கையை விட்டுப் பார்த்துவிட வேண்டும். பெண்கள் ஜீன்ஸில் முன்பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு என்று 2018இல் வெளியான ஓர் ஒப்பீடு கணக்கிட்டது. மிதிக்கும்போது போன் நழுவி விழ அது போதும். தொடைப்பக்கம் ஜிப் வைத்த பாக்கெட்டே பத்திரம்.

விலை பெரிய தடை என்பதை மறுக்க முடியாது. சைக்கிளுக்கென்றே தைத்த பேன்ட்டுக்குச் சாதாரண பேன்ட்டைவிட நன்றாகவே கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். அப்படி வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கொஞ்சம் இழுபடும் துணியில், முன் இடுப்பைவிடப் பின் இடுப்பு உயரமாக வெட்டிய பேன்ட்டைச் சாதாரணக் கடையிலேயே தேடலாம். டிரையல் ரூமில் ஸ்டூல் இருந்தால் அதன் விளிம்பில் உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் கையை நீட்டிக் குனிந்து, ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சை நோக்கி உயர்த்துங்கள். முதுகில் இடைவெளி விழுகிறதா, வயிற்றை அழுத்துகிறதா என்று தெரிந்துவிடும். கவட்டுப் பகுதி மட்டும் இறுக்கம் என்றால், அதே நிறத்தில் துணி எடுத்துப் போய் சல்வார் தைக்கும் தையற்காரரிடம் மியானி வைக்கச் சொல்லலாம். கால் நீளத்தைக் குறிக்கும்போதும் முழங்காலை மடக்கி உட்கார்ந்தே அளவு கொடுங்கள், நின்றால் சரியாக இருக்கும் ஓரம் மடக்கியதும் மேலேறி கணுக்காலைக் குளிரில் விட்டுவிடும்.