கறுப்புப் பட்டைக்கு எத்தனை படிகள்?

ஒரு நாள் மாலை, வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு தந்தை பள்ளி வாசலில் நம்மை நிறுத்தினார். செம்பனைக் குலை வெட்டுபவர். தோளில் இருந்த நீளக் கழியை இறக்காமலேயே கேட்டார்: “சார், மகன் போன வருசம் மஞ்ச பெல்ட் வாங்கினான். இப்ப ஆரஞ்சுக்குப் பரீட்சையாம், காசு கேட்கிறான். இது மொத்தம் எத்தன பெல்ட் சார்? எப்பத்தான் முடியும்?”

நியாயமான கேள்வி. மாதக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், சான்றிதழ், புதுப் பட்டை என்று ஒவ்வொன்றுக்கும் வெள்ளி எண்ணிக் கொடுப்பவருக்கு, தாம் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டாமா? வாசலில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய பதிலாக அது இல்லை. அதனால்தான் இன்று அதையே பேச எடுத்துக்கொண்டோம்.

இதை நாம் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. பிள்ளைகளைத் தோட்ட மண்டபத்துக்கு அழைத்துப் போய், கராத்தே வகுப்பு முடியும் வரை பெஞ்சில் அமர்ந்து கட்டுரை ஏடு திருத்துவது நமது வழக்கம். “சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இறங்கி நிற்கலாமே சார்” என்று மாஸ்டர் ஒரு நாள் சொன்னார். முப்பத்தெட்டாம் வயதில் வெள்ளைப் பட்டை கட்டிக்கொண்டு, நமது மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கும் பின்னால், கடைசி வரிசையில் போய் நின்றோம். பிள்ளைகளுக்கு அன்று ஏற்பட்ட மகிழ்ச்சியை விவரிக்க வேண்டியதில்லை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுவோம். கராத்தேயில் தகுதிகள் இரண்டு வகை. கறுப்புப் பட்டைக்குக் கீழே உள்ளவை ‘கியூ’. கறுப்புப் பட்டையும் அதற்கு மேலும் ‘டான்’. கியூ மேலிருந்து கீழே எண்ணப்படுகிறது. பெரும்பாலான பள்ளிகளில் பத்தாம் கியூவில் தொடங்கி, ஒன்பது, எட்டு என்று குறைந்து ஒன்றாம் கியூவில் நிற்கும். அதன் பிறகு ஒன்றாம் டான், இரண்டாம் டான் என்று ஏறும். நாம் பயின்ற ஷோட்டோகான் முறையில் வெள்ளையில் தொடங்கி மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று போய், கடைசி மூன்று கியூவுக்கும் பழுப்புப் பட்டை. இந்த நிற வரிசை பள்ளிக்குப் பள்ளி மாறும். பக்கத்துத் தோட்டத்துப் பையன் நீலம் கட்டியிருக்கிறானே, நம் பையன் இன்னும் ஆரஞ்சுதானே என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொருள் இல்லை.

ஒன்றாம் டானுக்கு ஜப்பானிய மொழியில் ‘ஷோடான்’ என்று பெயர். ‘ஷோ’ என்றால் தொடக்கம். 247 எழுத்துகளையும் கற்று, எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை புலவர் ஆகிவிடவில்லை. இனிமேல் நூல்களைத் தன் கையில் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஷோடான் பெற்றவர் நிலையும் அதுவே.

இந்தப் பட்டை முறை எங்கிருந்து வந்தது? அழுக்கேறி அழுக்கேறி வெள்ளைப் பட்டையே கறுப்பானது என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க அழகான கதை, உண்மை அதுவல்ல. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ என்ற கல்வியாளர் 1883-ஆம் ஆண்டு தம் மாணவர் இருவருக்கு முதன்முதலாக டான் தகுதி அளித்தார். கறுப்புப் பட்டை கட்டும் வழக்கமும் அவருடைய பள்ளியில்தான் தோன்றியது. கராத்தேயோ ஒக்கினாவா தீவில் பிறந்த கலை. அங்கே வெகுகாலம் பட்டையும் இல்லை, பரீட்சையும் இல்லை. ஆசான் வீட்டு முற்றத்தில் இரவு நேரத்தில் கற்றார்கள்.

அந்தக் கலையைத் தலைநகர் தோக்கியோவுக்குக் கொண்டுபோய்ப் பரப்பியவர்களில் முதன்மையானவர் கிச்சின் ஃபுனகோஷி. 1868-இல் ஒக்கினாவாவின் ஷூரி நகரில் பிறந்தவர். குழந்தைப் பருவத்தில் நோஞ்சானாக இருந்து, கராத்தே பயின்று உடல் தேறியவர். அவருடைய தொழில் என்ன தெரியுமா? பள்ளி ஆசிரியர். இதைச் சொல்லும்போது நமக்குக் கொஞ்சம் பெருமை வருவதை நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1922-இல் தோக்கியோவில் நடந்த உடற்கல்விக் கண்காட்சியில் கராத்தேயைச் செய்து காட்டினார். கானோவும் அவரை அழைத்துத் தம் ஜூடோ பள்ளியில் செய்து காட்டச் சொன்னார். 1924-இல் ஃபுனகோஷி ஜூடோவின் முறையைப் பின்பற்றித் தம் மாணவர் சிலருக்கு டான் தகுதி வழங்கினார். கராத்தேயில் கறுப்புப் பட்டை வந்த வழி இதுதான்.

சரி, ஒரு நிறத்திலிருந்து அடுத்த நிறத்துக்குப் போக என்ன கற்கிறார்கள்? மூன்று பகுதிகள் உண்டு. கிஹோன், கத்தா, குமித்தே.

கிஹோன் என்பது அடிப்படை அசைவுகள். ஒரு குத்து, ஒரு தடுப்பு, ஓர் உதை. நூறு முறை, ஆயிரம் முறை. புதிதாய் வரும் பிள்ளை கைமுட்டியை மடக்கும்போது கட்டைவிரலை உள்ளே வைத்து மூடும். அப்படிக் குத்தினால் விரல் முறிந்துவிடும். கட்டைவிரல் வெளியே, மடக்கிய விரல்களுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். மணிக்கட்டு வளையக்கூடாது. ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகிய இரண்டின் மொட்டும்தான் இலக்கில் பட வேண்டும். முன்கால் முழங்கால் மடங்கி, பின்கால் நீண்டு நிற்கும்போது பின்குதிகால் தரையை விட்டு எழக்கூடாது. இந்தக் குதிகால் நம்மை இரண்டு ஆண்டு பாடாய்ப் படுத்தியது. நாற்காலியில் உட்கார்ந்தே பழகிய உடம்பு. கணுக்கால் மடங்க மறுத்தது.

கத்தா என்பது எதிரி இருப்பதாகக் கருதிக்கொண்டு, குறித்த வரிசையில் தனியாகச் செய்யும் அசைவுகளின் கோவை. தொடக்கநிலைப் பிள்ளைகள் செய்யும் ஹெய்யான் ஷோடான் என்ற கத்தாவில் 21 அசைவுகள். இடப்பக்கம் திரும்பித் தாழ்தடுப்புடன் தொடங்கி, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். ஓரடி தள்ளி முடிந்தால் எங்கோ ஒரு காலடி நீண்டுவிட்டது என்று பொருள். ஹெய்யான் ஐந்தின் மூலத்தையும் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே அமைத்துக் கொடுத்தவர் இத்தோசு என்ற ஒக்கினாவா ஆசான். அவை ஐந்தும் முடிந்தால் டெக்கி ஷோடான். பழுப்புப் பட்டையில் பஸ்ஸாய் டாய் போன்ற பெரிய கத்தாக்கள்.

குமித்தே என்பது இருவர் எதிரெதிரே நின்று செய்வது. தொடக்கத்தில், “முகத்துக்குக் குத்தப் போகிறேன்” என்று சொல்லிவிட்டே குத்துவார்கள், மற்றவர் தடுப்பார். எண்ணி ஐந்து அடி. பிறகு ஓரடி. பழுப்புப் பட்டை வரும்போதுதான் சொல்லாமல் தாக்கும் சண்டை. அதிலும் குத்து எதிரியின் முகத்தைத் தொடாமல் விரற்கடை தூரத்தில் நிற்க வேண்டும். முழு வேகத்தில் போன கை அங்கே எப்படி நிற்கும் என்று கேட்பீர்கள். பால்வெட்டிய குடும்பத்தாருக்கு இதை விளக்குவது எளிது. மரப்பட்டையைச் சீவ வேண்டும், ஆனால் கத்தி உள்மரத்தைத் தொட்டுவிடக் கூடாது. மேலாகச் சீவினால் பால் வராது. ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு முடிச்சு விழும், மண்டோர் ஏசுவார். வேகமும் வேண்டும், நிற்கவும் தெரிய வேண்டும். நம் தாய்மார்கள் இருட்டோடு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அதைச் செய்தவர்கள்தாம்.

பரீட்சைகளுக்கு இடையே மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை விடுவது வழக்கம். பழுப்புப் பட்டையிலிருந்து கறுப்புக்குப் போவதற்கு இன்னும் நீளும். வாரம் இரண்டு, மூன்று வகுப்புக்குத் தவறாமல் போகும் பிள்ளைக்கு ஷோடான் பரீட்சைக்கு நிற்க நான்கைந்து ஆண்டு ஆகும். ஓராண்டில் கறுப்புப் பட்டை என்று யாராவது விளம்பரம் செய்தால், அங்கே விற்கப்படுவது துணி மட்டுமே. நாம் அறிந்த ஓர் இடத்தில், வகுப்புக்கே ஒழுங்காக வராத பிள்ளைகளையும் கட்டணம் கட்டிய காரணத்துக்காகத் தேர்ச்சி பெற வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் வேறு மண்டபத்துக்கு மாறிப் போனபோது மீண்டும் மஞ்சள் கட்டி நிற்க நேர்ந்தது. பெற்றோர் கொடுத்த பணத்தைவிட, அன்று அந்தப் பிள்ளைகள் பட்ட அவமானம் பெரிது. ஆகவே, சேர்க்கும் முன்பே கேளுங்கள். 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி விளையாட்டுச் சங்கங்கள் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பரீட்சைக்கும் கட்டணம் எவ்வளவு, தவறினால் மறுபடியும் முழுப் பணமா என்றும் கேட்டுவிடுங்கள். நல்ல மாஸ்டர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதானதும் பலரை நிறுத்திவிடுகிறார்கள். நமது மாணவி ஒருத்தியை ஊதாப் பட்டையில் அவளுடைய பாட்டி நிறுத்தினார். நாம் வீட்டுக்குப் போய்ப் பேசினோம். “வயசுப் பிள்ளைக்குக் காலைத் தூக்கி உதைக்கிறது என்னாத்துக்கு வாத்தியாரே?” என்றார் பாட்டி. நாம் சொன்ன நியாயம் எதுவும் அவரிடம் எடுபடவில்லை. கடைசியில், “வகுப்புக்கு நீங்களும் வந்து உட்காருங்களேன் ஆயா” என்றோம். வந்தார். வெற்றிலைப் பையோடு ஆறு மாதம் வந்தார். பிறகு, “அவ குதிகால் எழும்புது, பாத்துக்குங்க” என்று மாஸ்டரிடமே சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். 2023-இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், பெண்கள் 50 கிலோ பிரிவில் மலேசியாவுக்குத் தங்கம் வென்றவர் ஷாமளாராணி சந்திரன். அந்தச் செய்தி வந்த அன்று பாட்டி நம்மைத் தேடிக்கொண்டு பள்ளிக்கே வந்தார்.

அந்த மாணவியும் நாமும் ஒரே நாளில் ஷோடான் பரீட்சைக்கு நின்றோம். நகரத்தில் ஒரு பெரிய மண்டபம். நீள மேசைக்குப் பின்னால் தேர்வாளர்கள். எண்ணைக் கூப்பிட்டதும் ஓடிப்போய்க் கோட்டில் நின்று வணங்க வேண்டும். கிஹோனில் குதிகால் எழவில்லை. கத்தா, பஸ்ஸாய் டாய். தொடங்கிய இடத்திலேயே முடிந்தது. குமித்தேயில் நமக்கு எதிரே இருபது வயது இளைஞர். முதல் அரை நிமிடத்தில் இரண்டு முறை நம் மார்புக்குக் கை கொண்டுவந்து நிறுத்தினார். ஓரத்தில் நமது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது முறை அவர் உள்ளே வந்தபோது நாம் குத்தினோம். கை நிற்கவில்லை. அவர் உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையில் இரத்தம் சொட்டியது.

தேர்வாளர் எதுவும் பேசவில்லை. எதையோ எழுதிக்கொண்டார். மாலையில் பெயர்களை வாசித்தபோது மாணவியின் பெயர் வந்தது. நமது பெயர் வரவில்லை. அந்த இளைஞரிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். “பரவாயில்லை அங்கிள்” என்றார். அந்த ‘அங்கிள்’ என்ற சொல்தான் அன்று எல்லாவற்றிலும் கூடுதலாக வலித்தது.

திங்கட்கிழமை காலை வகுப்பில் முப்பது கண்கள் நம்மைப் பார்த்தன. கறுப்புப் பட்டை எங்கே சார் என்று ஒரு பையன் கேட்டேவிட்டான். அசதி, வயது, எதிரி பலசாலி என்று சொல்லக் காரணங்கள் இருந்தன. “கோபம் வந்தது. கை நிற்கவில்லை. அதனால் தேர்ச்சி இல்லை” என்று சொன்னோம். ஆறு மாதம் ஒரே பயிற்சி. சுவரில் ஒரு தாளை ஒட்டிவைத்து, முழு வேகத்தில் குத்தி, தாளைத் தொடாமல் நிறுத்துவது. தொட்டுவிட்டால் பத்து முறை மேலும். கணக்கு வைத்தவர்கள் மாணவர்கள். கணக்கில் அவர்கள் தயவு காட்டவில்லை.

இரண்டாம் முறை தேர்ச்சி பெற்றோம். குலை வெட்டும் அந்தத் தந்தைக்கும் இதைத்தான் சொன்னோம். ஷோடானுக்குப் பிறகு இரண்டாம் டானுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு காத்திருப்பது பொது வழக்கம். மூன்றாம் டானுக்கு மேலும் மூன்று ஆண்டு. ‘எப்போது முடியும்’ என்பதற்கு நம்மிடம் பதில் இல்லை. ஆனால் ஆரஞ்சுப் பரீட்சைக்கு இப்போதே அனுப்ப வேண்டுமா என்பதற்குப் பதில் உண்டு. வகுப்புக்குத் தவறாமல் போகிறானா, கத்தாவை வீட்டு வாசலில் ஒரு முறை முழுதாகச் செய்து காட்டுகிறானா என்று பாருங்கள். இடையில் மறந்து நின்றால் இந்த முறை பணத்தை வைத்திருங்கள். அடுத்த பரீட்சை சில மாதங்களில் வரும். அவர் அன்று இரவே மகனை லயத்து வாசலில் நிற்கவைத்து விட்டாராம். பையன் பதினெட்டாவது அசைவு வரை போயிருக்கிறான்.

கறுப்புப் பட்டை கட்டி மண்டபத்துக்குப் போன முதல் நாளைக் கேட்கிறீர்களா? புதுத் துணி, விறைப்பாக இருந்தது; முடிச்சு நிற்காமல் இரண்டு முறை அவிழ்ந்தது. முன்வரிசையில், நமக்கு ஆறு மாதம் மூத்தவளான நமது மாணவிக்கு இடப்புறத்தில் நின்றோம். பழைய நேரடிக் குத்து, நூறு முறை. எண்ணிக்கை சொன்னது அவள். வகுப்பு முடிந்ததும் மாஸ்டர் துடைப்பத்தை நம் கையில் கொடுத்தார். மண்டபம் கொஞ்சம் பெரியது. கூட்டி முடிக்க இருட்டிவிட்டது.