தோட்டத்தில் தொலைந்த தங்கத் தோடு: பக்கத்துல ஆணி கிடந்தா மெட்டல் டிடெக்டர் காட்டுமா?

துடியலூர் பக்கம் தோட்டத்தில் களை எடுக்கும்போது தோடு கழன்று விழுந்தால், மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடலாமே என்ற யோசனை வரும். ஆனா அதே மண்ணுல ஆணி, முள்கம்பித் துண்டு, மாத்திரை அட்டை எல்லாம் கிடக்கும். செட்டிங்கை மாற்றாமல் தேடினால், தங்கம் காலடியில் இருந்தும் தெரியாமல் போகலாம்.

ஏன் தெரிவதில்லை?

டிடெக்டரின் காயில் மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்பும். உலோகம் இருந்தால் பதில் சிக்னல் திரும்பும். இரண்டு பொருட்கள் நெருங்கிக் கிடந்தால் சிக்னல்கள் கலந்து ஒரே சத்தமாகக் கேட்கும். இரும்பு பக்கத்தில் இருந்தால் சின்னத் தங்கத்தின் சிக்னல் அமுங்கிவிடும்.

எதை மாத்தணும்?

* ரெக்கவரி ஸ்பீடு: ஒரு சிக்னலை முடித்து அடுத்ததற்குத் தயாராகும் வேகம். இதைக் கூட்டினால் பொருட்கள் தனித்தனியாகக் கேட்கும். ஆழம் கொஞ்சம் குறையும். உழவு ஓட்டாத மண்ணில் தோடு மேலாகவே கிடக்கும் என்பதால் பிரச்சினை இல்லை.

* டிஸ்கிரிமினேஷன்: வேண்டாத உலோகத்தை ஒதுக்கும் வசதி. அதிகமாக வைத்தால் ஆணியோடு தோடும் சேர்ந்து அமுங்கும். மாத்திரை அட்டையும் சின்னத் தங்கமும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் காட்டும். அட்டையை ஒதுக்கினால் தோடும் போச்சு. குறைவாகவே வையுங்கள்.

* சென்சிட்டிவிட்டி: கருவி சும்மா சும்மா கத்தினால் ஒரு படி குறைக்கலாம்.

* காயில்: 11 இஞ்சை விட 6 இஞ்சு காயில் நெருக்கமான பொருட்களை நன்றாகப் பிரிக்கும்.

எப்படித் தேடணும்?

முதலில் ஒரு மோதிரத்தை ஆணி பக்கத்தில் வைத்துச் சோதித்துப் பாருங்கள். பிறகு மெதுவாக வீசுங்கள். சத்தம் வந்த இடத்தில் குறுக்காகவும் ஒருமுறை வீசுங்கள்; ஒரு பக்கம் மறைந்தது மறுபக்கம் கேட்கலாம். ஆணி கிடைத்ததும் கிளம்பிவிடாதீர்கள். குழியை மறுபடி சோதியுங்கள்.

பழைய காசு கிடைச்சா?

கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-ல் ரோமானிய வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்தன. அப்படி ஏதாவது தென்பட்டால் தோண்டுவதை நிறுத்துங்கள். 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். சொந்த நிலமா இருந்தாலும் இதேதான். மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.