எளியோர்க்கு ஏற்ற வீடு: விலையும் தொலைவும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றனுள் முதலிரண்டையும் ஒரு குடும்பம் தன் வருவாய்க்கேற்பச் சுருக்கிக்கொள்ள இயலும். விலை குறைந்த அரிசியை வாங்கலாம். புத்தாடையை அடுத்த பண்டிகைக்குத் தள்ளிப்போடலாம். உறையுளை அவ்வாறு சுருக்குவது எளிதன்று. கையில் பணம் குறைவாக உள்ளது என்பதற்காகப் பாதி வாடகை பெற்றுக்கொள்ள எவரும் இசைவதில்லை. ஆதலின் நகரில் வாழும் குறைந்த வருவாயுடைய பெற்றோர் வேறு வழியின்றி இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கின்றனர். ஒன்று, போதிய இடம். மற்றொன்று, பணியிடத்திற்கும் பள்ளிக்கும் உள்ள அண்மை. எதை விட்டுக்கொடுத்தாலும் அதன் சுமையில் பெரும்பங்கு குழந்தைகள்மீதே விழுகிறது.

பற்றாக்குறையின் இயல்பு

நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை மதிப்பிட மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, 2012ஆம் ஆண்டில் நாட்டின் நகரங்களில் ஏறத்தாழ 1 கோடியே 88 லட்சம் வீடுகள் குறைவாக உள்ளன எனக் கணக்கிட்டது. இதில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பற்றாக்குறை, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினரையும் குறைந்த வருவாய்ப் பிரிவினரையும் சார்ந்தது. அறவே வீடற்ற குடும்பங்கள் இத்தொகையில் சிறு பகுதியே. ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பற்றாக்குறைக்குக் காரணம் இடநெருக்கடி, அதாவது மணமான இணையருக்குத் தனியறை இல்லாத நிலை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகர்ப்புறக் குடும்பங்களில் சுமார் 32 விழுக்காடு ஒரே அறையில் வாழ்ந்தன. சமையல், உறக்கம், நோயாளியின் ஓய்வு, குழந்தையின் படிப்பு ஆகிய அனைத்தும் அந்த ஓரறையில்தான் நடைபெற வேண்டும்.

அதே கணக்கெடுப்பில் நகரங்களில் சுமார் 1 கோடியே 10 லட்சம் வீடுகள் காலியாக இருந்தமையும் தெரியவந்தது. ஒருபுறம் நெருக்கடி, மறுபுறம் பூட்டிய வீடுகள் என்னும் இம்முரண்பாடு ஓர் உண்மையை உணர்த்துகிறது. வீடுகளின் எண்ணிக்கை மட்டுமே சிக்கலன்று. அவை எங்கே உள்ளன, யாருக்கு எட்டும் விலையில் உள்ளன என்பனவும் சிக்கலின் பகுதிகளாகும்.

அகமதாபாத் தரும் படிப்பினை

அகமதாபாத் நகரில் 1987ஆம் ஆண்டில் குடிசைப் பகுதியில் வாழ்ந்த உழைக்கும் பெண்களுக்குக் குலுக்கல் முறையில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. அவை முந்தைய குடிசைகளைவிடத் தரமானவை. ஆனால் சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், நகரின் புறஎல்லையில் அமைந்தவை. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் ஆய்வாளர்கள் இக்குடும்பங்களைக் குலுக்கலில் வாய்ப்பு இழந்த குடும்பங்களுடன் ஒப்பிட்டனர். வீடு பெற்றவர்களுள் 34 விழுக்காட்டினர் அங்குக் குடியேறவே இல்லை. மேலும் 32 விழுக்காட்டினர் குடியேறிப் பின்னர் வெளியேறினர். குடும்ப வருவாயிலோ குழந்தைகளின் நிலையிலோ முன்னேற்றம் காணப்படவில்லை. இடர்வேளையில் உதவக்கூடிய உற்றார் உறவினரின் தொடர்பும் தளர்ந்திருந்தது. குடும்பத்தை நகரத்தோடு பிணைத்திருந்த கயிறுகளை அறுத்துவிட்டுக் கூரையை மட்டும் மாற்றினால் பயன் சிறிதே என்பது இதன் பொருள்.

வாடகையும் மொத்தச் செலவும்

ஒரு கற்பனைக் கணக்கு இதனை விளக்கும். கணவன், மனைவி இருவரும் உழைத்து மாதம் 24,000 ரூபாய் ஈட்டுகின்றனர். இரு குழந்தைகள் உள்ளனர். பணியிடத்திற்கு அருகில் ஓர் அறையும் சமையற்கட்டும் 7,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கின்றன. 20 கிலோமீட்டர் தொலைவில் இரண்டு அறைகள் 4,500 ரூபாய்க்குக் கிடைக்கின்றன. பின்னதைத் தேர்ந்தால் மாதம் 2,500 ரூபாய் மிச்சம் எனத் தோன்றும். ஆனால் இருவருக்கும் நாளொன்றுக்குத் தலா 40 ரூபாய் கூடுதல் பயணச் செலவு எனில், 25 வேலைநாட்களுக்கு 2,000 ரூபாய் ஆகிறது. மூத்த குழந்தையைப் பழைய பள்ளிக்கே அனுப்ப மேலும் 700 ரூபாய் தேவை எனக் கொண்டால், மிச்சம் மறைந்து 200 ரூபாய் நட்டம் ஏற்படுகிறது.

நேரத்தின் விலை இக்கணக்கில் சேரவில்லை. நாள்தோறும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பயணம் செய்யும் தாய், மாதத்தில் 50 மணி நேரத்தை இழக்கிறாள். சிறு குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அவள் வேலையை விட நேர்ந்தால், குடும்பம் இழப்பது ஒரு முழு ஊதியத்தை.

ஆகவே வீடு தேடும் பெற்றோர் வாடகை, பயணச் செலவு, தண்ணீர்ச் செலவு, பள்ளிச் செலவு ஆகிய நான்கையும் கூட்டிப் பார்த்தே முடிவு செய்தல் நன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தையொட்டி வகுக்கப்பட்ட மத்திய விதிகள், முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவிலும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டர் தொலைவிலும் பள்ளி இருத்தல் வேண்டும் என்கின்றன. புதிய குடியிருப்பில் இது நிறைவேறியுள்ளதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே கண்டறிதல் வேண்டும்.

சொந்த வீடா, வாடகை வீடா?

மேற்கூறிய குடும்பம் வருவாயில் 30 விழுக்காட்டை, அதாவது 7,200 ரூபாயை, மாதத் தவணையாகச் செலுத்த முன்வந்தால், 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 8 லட்சம் ரூபாய் கடன் பெறலாம். பெருநகரின் நடுப்பகுதியில் இத்தொகைக்கு வீடு கிடைப்பது அரிது. 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் இவ்விடைவெளியைக் குறைக்க முயல்கிறது. இதன் வட்டி மானியப் பிரிவில், தகுதியுள்ள குடும்பத்திற்கு அதிக அளவாக 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் ஐந்து ஆண்டுத் தவணைகளில் கிடைக்கும். நாட்டில் எங்கும் நிலையான வீடு இல்லாதிருத்தல் தகுதிகளுள் ஒன்று.

எனினும் அன்றாடக் கூலி பெறுவோர் வருவாய்ச் சான்று காட்டி வங்கிக் கடன் பெறுவது கடினம். வேலையைத் தேடி இடம் மாறுவோருக்குச் சொந்த வீடு ஒரு தளையாகவும் அமையலாம். இத்தகையோருக்கு வாடகை வீடே ஏற்றது. முந்தைய திட்டங்களில் அரசு நிதியால் கட்டப்பட்டுக் காலியாகக் கிடந்த வீடுகளை வாடகைக் குடியிருப்புகளாக மாற்றும் முயற்சி 2020இல் தொடங்கியது. வாடகை வீடுகள் புதிய திட்டத்திலும் ஒரு தனிப் பிரிவாக இடம்பெற்றுள்ளன.

வாடகைக்கு இருப்போரை எழுத்து வடிவ ஒப்பந்தமே காக்கும். மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கான முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மிகாதிருக்க வேண்டும் என வரையறுக்கிறது. தகராறு எழுந்தாலும் குடிநீர், மின்சாரம் முதலியவற்றைத் துண்டிக்கக் கூடாது எனவும் விதிக்கிறது. நிலம் மாநிலப் பட்டியலைச் சார்ந்த பொருளாதலால், மாநிலங்கள் தத்தம் சட்டத்தில் இடம்தந்தாலன்றி இவ்விதிகள் நடைமுறைக்கு வாரா.

செய்ய வேண்டுவன

வீட்டுவசதித் திட்டங்களின் வெற்றி கட்டி முடித்த வீடுகளின் எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. எத்தனை வீடுகளில் ஓராண்டு கழித்தும் குடும்பங்கள் வாழ்கின்றன, குழந்தைகளுள் எத்தனை பேர் இடைநில்லாது பள்ளி செல்கின்றனர் என்பனவும் கணக்கில் சேர்தல் வேண்டும். இடத்தைத் தெரிவு செய்யும் அலுவலர், நிலத்தின் விலையோடு பேருந்து வழித்தடத்தையும், பள்ளி, மருந்தகம் ஆகியவற்றின் தொலைவையும் ஒரே தாளில் குறித்துக் காண்பாராயின், பின்னாளில் பூட்டிய வீடுகளின் பட்டியல் குறையும். மலிவான நிலத்தில் எழுப்பிய வீட்டின் மீதி விலையை, நாள்தோறும் பேருந்துக் கட்டணமாகவும் இழந்த நேரமாகவும் செலுத்துவது அங்கே குடியேறும் குடும்பமே.