அறக்கட்டளை ஊருக்குள் வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?



விதை வாங்கப் போனால் முளைப்புத் திறனைக் கேட்கிறோம். மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், சுழியைப் பார்க்கிறோம். ஆனால் ஊருக்கு நல்லது செய்யப் போகிறோம் என்று ஓர் அறக்கட்டளைக்காரர் வந்து நின்றால், "சும்மா தர்றாங்க, நாம என்னத்தக் கேக்குறது?" என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். திட்டம் முடிந்து அவர்கள் போன பிறகு, வறண்ட தொட்டி ஒரு பக்கம், ஓடாத மோட்டார் ஒரு பக்கம். ஆகவே, ஓர் அறக்கட்டளையை எதைக் கொண்டு எடைபோடுவது என்று இன்று பார்ப்போம்.

இதற்கு வெகுதூரம் போக வேண்டாம். திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகிற வழியில், சின்னாளபட்டி பக்கத்தில், சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது காந்திகிராமம். 1944-ல் கஸ்தூரிபா காவலில் இருந்தபோது மறைந்தார். அவர் நினைவாகக் கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென்று நாடு முழுவதும் நிதி திரட்டினார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பணிக்குப் பொறுப்பேற்றவர் டாக்டர் சௌந்திரம் அம்மையார். அவரும் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கதர், சித்த மருந்து தயாரிப்பு என்று வளர்ந்தது. 1956-ல் வந்த கிராமியக் கல்வி நிலையம் 1976-ல் பல்கலைக்கழக அந்தஸ்து பெற்றது. காந்தியடிகள் வழியில் வந்த இத்தகைய அமைப்புகளுக்கு அடிப்படையான கொள்கைகள் நான்கைச் சொல்கிறேன்.

முதலாவது, தர்மகர்த்தா முறை. இது நமக்குப் புதிதா? கோயில் நிலம் சாமிக்குச் சொந்தம். தர்மகர்த்தா அதைப் பார்த்துக்கொள்கிறவர். கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். அதுபோலத்தான் அறக்கட்டளைப் பணமும். எந்த ஊர் பேரைச் சொல்லி வாங்கினார்களோ, அந்த ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ஊர் தன் காலில் நிற்பது. தண்ணீர் கட்டத் தெரிந்தவன், வாய்க்காலை வெட்டிவிட்டுத் தள்ளி நிற்பான். நல்ல அறக்கட்டளையும் வந்த அன்றே, தான் விலகிப் போகிற நாளுக்கு ஏற்பாடு செய்யும்.

மூன்றாவது, கடைசி ஆளுக்கு முதல் இடம். வத்தலக்குண்டு பக்கம் அய்யன்கோட்டையில் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ணம்மாள். சௌந்திரம் அம்மையாரின் ஆதரவில் படித்தவர். அவரும் கணவர் ஜெகந்நாதனும் 1981-ல் 'லாஃப்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கீழத்தஞ்சையில் நிலச் சொந்தக்காரர்களிடம் பேசி, வங்கிக் கடனில் நிலம் வாங்கி, நிலமில்லாத குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பத்திரம் பெண்கள் பேரில்! இனாம் இல்லை, உழைத்துக் கடனை அடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2008-ல் இத்தம்பதிக்கு, மாற்று நோபல் பரிசு என்று சொல்லப்படும் சர்வதேச விருது கிடைத்தது.

நான்காவது, கையும் புத்தியும் சேர்ந்து உழைப்பது. படித்தவர் ஊரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். எந்த மடை வழியாகத் தண்ணீர் கசிகிறது என்பது என்ஜினீயரைவிட நீர்பாய்ச்சிக்கு நன்றாகத் தெரியுமே!

சரி, நம் ஊரில் இதை எப்படிப் பயன்படுத்துவது? குளம் தூர்வார ஓர் அறக்கட்டளை வருகிறது என்று வையுங்கள். நாலு கேள்வி கேளுங்கள்.

1. பதிவு எண் என்ன? என்னென்ன நோக்கம் என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறது? அதன் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

2. மொத்தத் தொகை எவ்வளவு? மண்ணுக்கு எவ்வளவு, மடைக்கு எவ்வளவு? இந்தக் கணக்கைக் கிராம சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். காந்தி ஜெயந்தி, சுதந்திர தினம் போன்ற நாட்களில் சபை கூடுகிறதல்லவா?

3. கடைமடைக்காரருக்கும், நிலமில்லாமல் ஆடு மாடு மட்டும் வைத்திருப்பவருக்கும் இதில் என்ன பங்கு? கூட்டத்துக்குப் பெண்களையும் அழைத்தார்களா?

4. அடுத்த மழைக்கு வரத்துக் கால்வாயை யார் சுத்தம் செய்வது? அந்தச் செலவுக்கு ஊர்ப் பொதுவில் பணம் இருக்கிறதா?

நல்ல அறக்கட்டளை இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது, சந்தோஷப்படும். பதில் சொல்லத் தயங்கினால், கையெழுத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கிற நாமும் நம் பங்கைச் செய்ய வேண்டும். வரி வைத்தால் கொடுக்க வேண்டும். மராமத்துக்குக் கூப்பிட்டால் மண்வெட்டியோடு போக வேண்டும். ஊர்ச் சங்கத்தின் நோட்டை வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஊர் முன்னால் விரித்து வைக்க வேண்டும். அறக்கட்டளையிடம் கேட்கும் ஒழுங்கு நம்மிடம் இருந்தால்தான், அவர்கள் போன பிறகும் குளத்தில் தண்ணீர் நிற்கும்.

அடுத்த கூட்டத்துக்கு இந்த நாலு கேள்வியையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.