காசு நம்மளது... கிளப் யாருது? கால்பந்து ரசிகர்கள் கிளப்பும் சந்தேகம்!

"கிளப்புக்கு பணக் கஷ்டம். ஆளுக்கு கொஞ்சம் போடுங்க. உறுப்பினர் ஆகுங்க. கிளப்பே உங்களுக்குச் சொந்தம்!"

இப்படி ஒரு அறிவிப்பு வந்தால் ரசிகர் என்ன செய்வார்? ஓடிப்போய் பணம் கட்டுவார் என்றுதான் நினைப்போம். ஆனால் பிரிட்டன் கால்பந்து ரசிகர்கள் பலர் சட்டென்று பர்சை எடுப்பதில்லை. "அது சரி, என் காசு எங்கே போகுது?" என்று கேட்கிறார்கள்.

கிளப் மீது பாசம் இல்லாமல் இல்லை. அங்கே ரசிகர்கள் பட்ட பாடு அப்படி!

எதற்காக கேட்கிறார்கள்?

பெரிய கிளப்புகளுக்கு டி.வி. ஒளிபரப்பு பணம் கொட்டுகிறது. சின்ன கிளப்புகளுக்கு டிக்கெட் காசும், உள்ளூர் விளம்பரமும்தான் முக்கிய வருமானம். வீரர்கள் சம்பளம், மைதான பராமரிப்பு, வரி என்று செலவு மட்டும் நிற்காது. முதலாளி கைவிட்டால் கிளப் நடுத்தெருவுக்கு வந்துவிடும். அப்போதுதான் ரசிகர்கள் பக்கம் திரும்புகிறார்கள்.

இதில் மூன்று வகை உண்டு. முதல் வகை, உறுப்பினர் கார்டு. டிக்கெட்டில் முன்னுரிமை, கொஞ்சம் தள்ளுபடி கிடைக்கும். அதோடு சரி. இரண்டாவது வகை, கிளப்பின் பங்கை ரசிகருக்கே விற்பது. மூன்றாவது வகை, ரசிகர்கள் தனியாக ஒரு சங்கம் அமைத்து, மாதாமாதம் பணம் சேர்த்து கிளப்பையே வாங்குவது.

வெளியில் இருந்து பார்த்தால் மூன்றும் ஒன்று மாதிரிதான் தெரியும். ஆனால் ஒன்றில் நீங்கள் வாடிக்கையாளர், ஒன்றில் சின்ன பங்குதாரர், ஒன்றில் முதலாளி. எதற்கு பணம் கட்டுகிறோம் என்று தெரியாமல் கட்டினால் வம்புதான்.

35 பவுண்டு முதலாளிகள்!

2007-ம் ஆண்டு இங்கிலாந்தில் 'மை புட்பால் கிளப்' என்ற இணையதளம் பரபரப்பை கிளப்பியது. முன்னாள் விளையாட்டு நிருபர் வில் புரூக்ஸ் ஆரம்பித்தது. ஆண்டுக்கு 35 பவுண்டு, அதாவது அப்போதைய மதிப்பில் சுமார் 2,800 ரூபாய் கட்ட வேண்டும். எல்லோர் பணத்தையும் சேர்த்து ஒரு கிளப்பை வாங்குவோம், டீமில் யார் ஆடுவது என்பதைக்கூட நீங்களே ஓட்டு போட்டு முடிவு செய்யலாம் என்றார்கள்.

கூட்டம் அலைமோதியது. உறுப்பினர் எண்ணிக்கை 30 ஆயிரத்தை தாண்டியது. 2008 தொடக்கத்தில் கென்ட் மாகாணத்தில் உள்ள எப்ஸ்பிலீட் யுனைடெட் கிளப்பின் 75 சதவீத பங்கு சுமார் 6 லட்சம் பவுண்டுக்கு கைமாறியது.

முதல் சில மாதம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. அந்த ஆண்டு மே மாதம் வெம்ப்லி மைதானத்தில் டார்க்கி யுனைடெட் அணியை 1-0 என்று வீழ்த்தி எப்.ஏ. டிராபியை தட்டியது எப்ஸ்பிலீட்.

அதன் பிறகு சுருதி இறங்கியது. செப்டம்பரில் இளம் வீரர் ஜான் அகிண்டேவை பிரிஸ்டல் சிட்டி கிளப்புக்கு 1 லட்சத்து 40 ஆயிரம் பவுண்டுக்கு விற்கலாமா என்று கேட்டார்கள். உறுப்பினர்கள் ஓட்டு போட்டு சம்மதித்தார்கள். ஆனால் டீம் தேர்வு மட்டும் மேனேஜர் லியாம் டெய்ஷ் கையிலேயே இருந்தது. எதைச் சொல்லி ஆள் சேர்த்தார்களோ, அதுவே நடக்கவில்லை.

ஆண்டு முடிந்து சந்தாவை புதுப்பிக்கும் நேரம் வந்தது. 30 ஆயிரம் பேரில் சுமார் 9 ஆயிரம் பேர்தான் திரும்ப கட்டினார்கள். பிறகு ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துகொண்டே போனது. பணத்தை நம்பி சம்பள கணக்கு போட்ட கிளப் திண்டாடியது. 2010-ல் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. மறு வருஷமே மேலே வந்தாலும், 2013-ல் மறுபடியும் சரிவு. அந்த ஆண்டே மிச்சமிருந்த உறுப்பினர்கள் பங்குகளை விட்டுக்கொடுக்க ஓட்டு போட்டார்கள். குவைத் முதலீட்டாளர்கள் வந்து கிளப்பை எடுத்துக்கொண்டார்கள்.

இதில் யாரும் பணத்தை சுருட்டிக்கொண்டு ஓடவில்லை. கோளாறு எங்கே என்றால், சந்தா கட்டியவர்களில் ரொம்ப பேர் அந்த ஊர்க்காரர்களே இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள். சுவாரஸ்யம் போனதும் அவர்களும் போய்விட்டார்கள். உள்ளூர் ரசிகர் எங்கே போவார்? மழையில் நனைந்துகொண்டு மைதானத்தில் நின்றவர் அவர்தான்.

சுட்ட பாலும், ஆறின பாலும்!

ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்து ஹார்ட்ஸ் கிளப் கதை இன்னும் பெரிய பாடம். 1874-ல் தொடங்கிய பழைய கிளப். அதை நடத்தியவர் லித்துவேனியா நாட்டு வங்கி அதிபர் விளாதிமிர் ரோமனோவ்.

2012 கடைசியில் கிளப்புக்கு வரி பாக்கி நெருக்கடி. "பங்கு வாங்குங்க, கிளப்பை காப்பாத்துங்க" என்றார்கள். ரசிகர்கள் சுமார் 10 லட்சம் பவுண்டு கொட்டினார்கள். சில மாதம்தான். 2013-ல் ரோமனோவின் வங்கி கவிழ்ந்தது. ஜூன் மாதம் கிளப்பும் திவால் நடைமுறைக்கு போனது. கடன் மட்டும் சுமார் 2½ கோடி பவுண்டு! தலைக்கு 15 புள்ளி பறிப்பு என்பது போல டீமுக்கும் தண்டனை. 2014-ல் கீழ் டிவிஷனுக்கு போனது.

சூடு பட்ட அதே ரசிகர்களிடம் 'பவுண்டேஷன் ஆப் ஹார்ட்ஸ்' என்ற சங்கம் மறுபடியும் பணம் கேட்டது. மாதம் 10 பவுண்டில் இருந்து கட்டலாம். "ஏற்கனவே குடுத்தது போதாதா?" என்று ரசிகர்கள் கேட்டிருந்தால் அதில் தப்பு சொல்ல முடியுமா? ஆனாலும் சுமார் 8 ஆயிரம் பேர் கட்டினார்கள்.

ஏன்? இந்த தடவை கணக்கு வேற மாதிரி இருந்தது. தொழிலதிபர் ஆன் பட்ஜ் என்ற பெண்மணி 2014-ல் 25 லட்சம் பவுண்டு போட்டு கிளப்பை மீட்டார். ரசிகர்கள் மாதாமாதம் கட்டும் பணத்தில் அந்த கடன் அடையும். அடைந்ததும் பங்கு ரசிகர் சங்கத்துக்கு வரும். இது எழுத்தில் போட்ட ஒப்பந்தம். சங்கத்தில் 10 பவுண்டு கட்டினாலும், 100 பவுண்டு கட்டினாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான்.

சொன்னபடி நடந்தது. 2015-ல் டீம் சாம்பியனாகி மேல் டிவிஷனுக்கு திரும்பியது. 2021 ஆகஸ்ட் மாதம் 75.1 சதவீத பங்கு ரசிகர்கள் கைக்கு வந்தது.

2025-ல் பிரைட்டன் கிளப் முதலாளி டோனி புளூம் சுமார் 98 லட்சம் பவுண்டு போட முன்வந்தபோதும், ரசிகர் சங்கத்தில் ஓட்டெடுப்பு நடந்த பிறகே அனுமதி கிடைத்தது. அவருக்கு கொடுத்தது 29 சதவீத பங்கு. அதுவும் ஓட்டுரிமை இல்லாத பங்கு! பணம் வந்தது, பிடி விட்டுப்போகவில்லை.

கட்டும் முன் கேட்க வேண்டியது

நம்ம ஊரில் சீட்டு கட்டுகிறவர்களுக்கு இது புதுசு இல்லை. சீட்டு பிடிப்பவர் யார், எத்தனை பேர் சேர்ந்திருக்காங்க, பணம் எப்போ கைக்கு வரும் என்று கேட்காமல் யாரும் முதல் தவணை கட்ட மாட்டார்கள். எடின்பரோ ரசிகரும் அதையேதான் கேட்கிறார்.

* பணம் கிளப் கணக்குக்கு போகுதா, ரசிகர் சங்க கணக்குக்கு போகுதா? கிளப்புக்கு நேராக போனால் பழைய கடனில் கரைந்துவிடலாம்.

* பதிலுக்கு என்ன கிடைக்கும்? கார்டா, பங்கா, ஓட்டா?

* முதலாளி ஓடிப்போனால், கிளப் மூழ்கினால் நம்ம பணம் என்ன ஆகும்?

* மைதானத்தை விற்கணும்னா நம்மளை கேட்பாங்களா?

* ஆண்டுதோறும் கணக்கு காட்டுவாங்களா?

இந்த அஞ்சு கேள்விக்கும் பதில் இருந்தால் ரசிகர் கட்டுவார். வருஷக்கணக்காக கட்டுவார், ஹார்ட்ஸ் ரசிகர்களே சாட்சி. பதில் சொல்லாமல் "உனக்கு கிளப் மேல பாசம் இல்லையா?" என்று திருப்பி கேட்டால், அப்போதுதான் உஷாராக வேண்டும்.

ஏனென்றால் முதலாளிக்கு ஒரு கிளப் போனால் இன்னொரு தொழில் இருக்கும். சனிக்கிழமை ஆனால் அப்பா, பிள்ளை என்று குடும்பத்தோடு மைதானத்துக்கு போகிறவருக்கு அந்த ஒரு கிளப்தான் இருக்கிறது.