மணிமங்கலத்தில் நீங்களே கடிகார முள்

சூரியக் கடிகாரம் என்றால் நிழல் விழ ஏதாவது ஒரு முள் வேண்டும். கும்பகோணம் பக்கம் திருவிசநல்லூர் சிவன் கோயில் மதிலில் அது சிறு உலோகக் குச்சி. ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரிலோ 27 மீட்டர் உயரச் சுவர். இன்னொரு வகை உண்டு. அதில் பார்க்க வந்தவரே முள். ஆள் வந்து நிற்காதவரை அது தரையில் கிடக்கும் வெறும் கோலம்தான். பிரான்சின் பூர்க்-ஆன்-பிரெஸ் ஊரில், ப்ரூ தேவாலயத்துக்கு முன்னால் இப்படியொன்று இருக்கிறது. அவ்வூரில் பிறந்த வானியலாளர் லாலாந்து 18ஆம் நூற்றாண்டில் அதைச் சீரமைத்தார்.

அந்தக் கோலத்தை நம் ஊர் மணிமங்கலத்தின் பள்ளி மைதானத்தில் அப்படியே வரைந்தால் மணி தப்பாகத்தான் காட்டும். நிழல் மணி காட்டும் புள்ளிகள் அமைவது ஒரு நீள்வட்டத்தில். அதன் கிழக்கு–மேற்கு அரைநீளத்தை ஊரின் அட்சரேகையின் சைன் மதிப்பால் பெருக்கினால் வடக்கு–தெற்கு அரை அகலம் வரும். அரைநீளம் 3 மீட்டர் என்றால் பிரான்சில் அரை அகலம் 2 மீட்டருக்கு மேல். நமக்கு அட்சரேகை சுமார் 12.9 பாகை, அரை அகலம் வெறும் 67 சென்டிமீட்டர். வெள்ளரிக்காய் போல ஒடுங்கிவிடும்.

வரைய நாலைந்து பேர் சேர வேண்டும். முதலில் திசை. நட்ட குச்சியைச் சுற்றி வட்டம் போட்டு, காலையிலும் மாலையிலும் நிழல்நுனி வட்டத்தைத் தொடும் இரு இடங்களை இணைத்தால் அது கிழக்கு–மேற்குக் கோடு. சிற்பிகளின் பழைய சங்கு முறை இதுதான். மையத்திலிருந்து இருபுறமும் 2.92 மீட்டரில் ஆணியடித்து, இடையே 6 மீட்டர் நூலைக் கட்டி, சுண்ணக்கட்டியால் நூலை விறைப்பாக இழுத்தபடி சுற்றி வந்தால் நீள்வட்டம் தயார். பக்கத்து ஒரகடம் ஆலைகளில் மைக்ரோமீட்டர் பிடிக்கும் கைகளுக்கு இதெல்லாம் விளையாட்டு. நண்பகல் புள்ளி வடக்கே நடுவில். அதன் நேர்க்கோட்டிலிருந்து கிழக்கே 78 சென்டிமீட்டரில் ஒரு மணி, ஒன்றரை மீட்டரில் இரண்டு மணி. மேற்கே அதே அளவில் 11, 10.

நிற்கும் இடம் மாதத்துக்கு மாதம் நகரும். டிசம்பர் கடைசியில் மையத்துக்குத் தெற்கே 1.27 மீட்டர், ஜூன் கடைசியில் வடக்கே அதே அளவு, அதாவது நீள்வட்டத்துக்கே வெளியே! வெப்ப மண்டலத்துக்கு மட்டுமே உரிய வேடிக்கை இது. ஏப்ரல் 24, 25 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நிற்குமிடம் நண்பகல் புள்ளியின் மேலேயே வந்து விழும். அன்று உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல். நிழல் காலடியில் ஒளிந்துகொள்ளும். நிழலில்லா நாள் என்று ஊர்தோறும் பிள்ளைகள் கூடிப் பார்ப்பது இதைத்தான். மற்ற நேரங்களில் நிழல் புள்ளிகளை எட்டாமல் குட்டையாக இருந்தால் கைகளைத் தலைக்கு மேல் கூப்புங்கள். அப்போதும் எட்டாவிட்டால் நிழலின் திசையிலேயே ஒரு கம்பை நீட்டிவைத்துப் பாருங்கள்.

கைபேசியோடு ஒத்துப்பார்ப்பவர்கள் கட்டாயம் சண்டைக்கு வருவார்கள். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கானது. மணிமங்கலம் ஏறக்குறைய 80 பாகையில் இருப்பதால் 10 நிமிட வித்தியாசம். பூமியின் சாய்வாலும் நீள்வட்டப் பாதையாலும் அதுவும் ஏறியிறங்கும். பிப்ரவரி நடுவில் உச்சிப்பொழுது வருவது கைபேசியில் 12.24 மணிக்கு, நவம்பர் தொடக்கத்தில் 11.53க்கே. மாதவாரியாக ஒரு திருத்தப் பட்டியலைப் பக்கத்துச் சுவரில் எழுதிவைத்தால் போதும்.